மாமா வந்தவரோ?

திங்கள், ஜூலை 7

மழை. கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளாக ஈரம். துணி காயவில்லை, போய் எடுக்க நானும் துணியவில்லை. அம்மா வேலையால் வருமுன் எடுக்க வேண்டும்.

விடுமுறையின் முதல் திங்கள். திங்க ஒன்றும் இல்லை. (பாணும் சம்பலும் இருக்கிறது. அது கணக்கில் வராது.)

டூங்கபி, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஊர். தூங்கப் பிறந்த ஊர் என்பதைத்தான் வெள்ளைக்காரர் பிழையாக எழுதிவிட்டார்கள் என்பது என் ஆராய்ச்சி. எங்கள் தெருவில் இன்று ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

என் ஒரே கூட்டாளி பிரியா கோல்ட் கோஸ்ட் போய்விட்டாள், இரண்டு கிழமை. வேறு ஆட்கள்? வகுப்பு க்ரூப் இருக்கிறது. நான் அதில் இல்லை. கணிதப் பரீட்சை ரத்து என்று போன தவணை ஒரு போலி அறிவித்தல் போட்டேன். பாதி வகுப்பு நம்பியது. மற்றப் பாதி என்னை நீக்கியது.

இன்று வாயால் பேசிய சொற்கள்: விடிய அப்பாவிடம் "ஓம்". பார்சல்காரரிடம் "தாங்ஸ்". மொத்தம் இரண்டு.

இந்தக் கொப்பி ஏன் தமிழில்: இங்கிலீஷில் எழுதினால் எவரும் வாசிக்கலாம். தமிழில் எழுதினால் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான் வாசிக்கலாம். அவர்களுக்கு நேரம் இல்லை. பூட்டே தேவையில்லை.

சித்திக்கு இன்றைய பகிடி அனுப்பியாயிற்று. சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை, கிளிநொச்சியில் தனியே இருக்கிறாள். என் பகிடிக்குச் சிரிக்கும் உலகின் ஒரே மனிசி. நான் ஒன்று அனுப்பினால் அதைவிட மோசமான ஒன்றைக் குரலில் பேசி அனுப்புவாள். போன கிழமை அனுப்பியது: "உன்ர சித்தப்பா முதல் நாள் என்னட்டை வந்து, கடலை வேணுமோ எண்டு கேட்டவர். ஓமெண்டன். சைக்கிளில ஏத்திக்கொண்டு போய்க் கடலைக் காட்டினவர். பசியோட திரும்பி வந்தனான்." சொல்லி முடிக்கமுன் அவளே சிரித்துவிடுவாள்.

சித்தப்பாவைச் சண்டை முடிந்த நாட்களில் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு தகவல் இல்லை. சித்தி அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு காணாமல் போனவர்களைத் தேடும் மற்றப் பெண்களோடு ரோட்டோரப் போராட்டக் கொட்டகையில் போய் இருப்பாள். அதைப் பற்றி என்னோடு கதைப்பதில்லை.

இனி விஷயம். நேற்று, ஞாயிறு, அம்மா வழக்கம்போல் சமைத்தபடியே சித்தியோடு ஃபோனில், ஸ்பீக்கரில். நான் குசினி வாசலில், காது மட்டும் உள்ளே.

"மாமா வந்தவரோ?"

"ஓம் அக்கா. புதன்கிழமை வந்தவர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவர்."

"தனியவோ?"

"இல்லை, இன்னொருத்தரோட."

"என்னவாம்?"

"சும்மா. சுகம் விசாரிக்க."

அம்மாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அப்பாவுக்கு அக்கா தங்கை இல்லை. அம்மம்மாவுக்கும் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. எங்கள் பரம்பரையிலேயே மாமா என்ற பதவி காலி. அப்படியென்றால் தேத்தண்ணி குடித்தவர் யார்?

எங்கள் வீட்டில் ஃபோனில் பெயர் சொல்வது இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை. "பெரியவர்", "கடைக்காரர்", "அந்தப் பக்கம்". கோப்பிக் கடையில் பெயர் கேட்டால்கூட அப்பா ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்வார். ஒரு நாள் சாம், ஒரு நாள் மைக்கல். சேட்டை எனக்கு அப்பா வழியால் வந்தது என்றுதான் நினைத்திருக்கிறேன்.

ஆகவே மா.வி. (மாமா விசாரணை) ஆரம்பம். என் முடிவு: சித்திக்கு ஆள் கிடைத்திருக்கிறது. அடிக்கடி வருகிறார், கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வருகிறார். அம்மா குரலைத் தாழ்த்துகிறாள். காதல் இல்லாமல் வேறு எதற்குக் குரலைத் தாழ்த்துவார்கள்?

துணி எடுக்க மறந்துவிட்டேன். அம்மாவின் கார்ச் சத்தம்.


செவ்வாய், ஜூலை 8

மழை விட்டது. காற்று. ஏச்சு வாங்கிய துணி உலர்கிறது.

செய்து முடித்தேன்!! இந்த வருடத்தின் மிகச் சிறந்த வேலை. (அம்மாவின் அலாரத்தில் அப்பாவின் குறட்டையைப் பதிவுசெய்து வைத்தது இனி இரண்டாம் இடம்.)

நடந்த விதம்: அம்மா முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட் முடித்து மூன்றே முக்காலுக்கு வந்தாள். ஃபோனை ஹோல் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். பின் நம்பர் என் பிறந்தநாள். இப்படியும் ஒரு பாதுகாப்பா அம்மா. நாலு மணி. கிளிநொச்சியில் பகல் பதினொன்றரை. அம்மா எழுதுவதுபோலவே எழுதினேன்:

"மாமா இண்டைக்குப் பின்னேரம் வாறாராம். இந்த முறை கனபேரோட வாறார். ஆயத்தமா இரு."

கனபேரோடு என்பதுதான் முத்திரை. பொம்பிளை பார்க்க வருகிறவர்கள் தட்டும் பழமுமாகக் கனபேராகத்தானே வருவார்கள். சித்தி தலை இழுத்து, நல்ல சீலை உடுத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைக்க நினைக்கச் சிரிப்பு.

ஒரு நிமிடம்கூட இல்லை, இரண்டு நீல டிக். சித்தி எழுதத் தொடங்கினாள். நிறுத்தினாள். மறுபடி எழுதினாள். நிறுத்தினாள். வெட்கம்!

பிறகு துப்புரவு வேலை. எல்லோருக்கும் அழி. அழித்த அடையாளத்தையும் அழி. அம்மா தலை துவட்டிக்கொண்டு வந்தபோது ஃபோன் பழைய இடத்தில், பழைய கோணத்தில். நான் ஒரு கலைஞி.

இரண்டு நாள் விட்டு உண்மையைச் சொல்லிச் சித்தியின் ஏச்சைப் பதிவுசெய்ய வேண்டும்.

இன்று பேசிய சொற்கள்: கன. அப்பாவுக்குக்கூட மூன்று பகிடி சொன்னேன். அவர் பாண் தொழிற்சாலையில் வேலை. "அப்பா, நீங்கள்தான் எங்கட வீட்டுப் பாண்-வின்னர்" என்றேன். (பாண் என்றால் பிரெட். பிரெட்வின்னர். சரி, விடு.) சிரிக்கவில்லை.


புதன், ஜூலை 9

வெயில். ஆனால் குளிர். புதன், புதினம் இல்லை.

சித்திக்கு விடிய அனுப்பியது: "பூ கிடைச்சதோ? பூகம்பம் கிடைச்சதோ?" ஒற்றைச் சாம்பல் டிக். மத்தியானமும் ஒற்றை. இப்போதும் ஒற்றை.

நேற்று வந்தவர்களோடு வேலையாக இருப்பாளோ? ஆனால் நேற்று ஒருவரும் வரவில்லையே. நான்தானே வரவழைத்தேன்.

பின்னேரம் பிரியா கோல்ட் கோஸ்டில் இருந்து ஃபோன் எடுத்தாள். பின்னால் கடல் இரைச்சல், அவளுடைய அக்காவின் சிரிப்பு. மாமா கதையைச் சொன்னேன்.

"மாமாவா? எங்க ஊர்ல மாமான்னா போலீஸ்டீ!"

"என்ன?"

"ஆமா. சென்னைல சிக்னல் கிட்ட வந்தா எங்கண்ணன் சொல்வான், 'டேய், மாமா நிக்கிறாரு, ஹெல்மெட்டப் போடு'ன்னு. உங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டீங்களா? சரி, நான் தண்ணில இறங்கப் போறேன், பை."

சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு "தனியவோ?" என்று அம்மா கேட்டது நினைவு வந்தது. காதலித்து வருகிறவரை யாராவது "தனியவோ" என்று கேட்பார்களா?

ஆறு மணிக்கு அம்மா சித்திக்கு எடுத்தாள். சும்மாதான், ஏதோ கறிச் செய்முறை கேட்க. தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழிகளில் சொன்னாள்.

"பற்றரி செத்திருக்கும்" என்றாள் அம்மா. பிறகு மறுபடி எடுத்தாள். பிறகு மறுபடி.

ஒற்றை டிக். எனக்கு இரட்டைத் திக்.


வியாழன், ஜூலை 10

வானிலை பார்க்கவில்லை.

அம்மா வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொன்னாள். சுகமில்லாத ஆள் குசினி அலுமாரி எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கிறாள். அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருக்கிறார்.

"பக்கத்து வீட்டு ஆக்களிட்டைக் கேளுங்கோவன்" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டா?" என்றார் அப்பா. "கேட்டா என்ன நடக்கும் தெரியுமோ? ஆள் இல்லை எண்டது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா அவையளுக்குத் தெரியும். அவையளே கொண்டு போகேல்லை எண்டா, தேடத் தொடங்குவினம்."

"கொண்டு போயிருந்தா?"

"கேட்ட ஆளையும் வந்து பாப்பினம்."

ஆகவே ஒருவரிடமும் கேட்க முடியாது. காணாமல் போனவரைக் காணவில்லை என்று சொல்லவே முடியாத ஒரு ஏற்பாடு. நான் இதற்கு முன் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் இருவரும் இது பெருக்கல் வாய்ப்பாடு மாதிரிச் சொல்கிறார்கள்.

அம்மா பருப்புப் போத்தலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"அம்மா, மாமா எண்டா ஆர்?"

துடைத்த கை நின்றது. கோபிப்பாள் என்று நினைத்தேன். யன்னலைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். இங்கே, டூங்கபியில், பின்வளவில் எலுமிச்சை மரத்தைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், யன்னலைச் சாத்திவிட்டு.

கொட்டகையில் பெண்கள் கூடி இருந்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ புலனாய்வுக்காரர் இரண்டு பேர் சாதாரண உடுப்பில் வீடுகளுக்கு வருவார்களாம். மோட்டார் சைக்கிளில். மரியாதையாகத்தான் கதைப்பார்களாம். யார் வந்தது, யார் படம் எடுத்தது, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள். போகும்போது, கவனமா இருங்கோ அம்மா என்று சொல்லிவிட்டுப் போவார்களாம்.

"அதுக்கேன் மாமா எண்டு பேர்?"

"வேற என்னெண்டு சொல்லுறது? வந்தா எழும்பிக் கதிரை போட்டு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, போகும்வரைக்கும் சிரிச்சுக்கொண்டு நிக்க வேண்டிய ஆள் மாமாதானே."

அம்மா இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்ட பகிடிகளில் இதுதான் கெட்டித்தனமானது.

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "எனக்குப் பசிக்குது" என்றேன்.


வெள்ளி, ஜூலை 11

சித்தி இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதுகிறேன்.

மத்தியானம் இரண்டு மணி. தெரியாத இலக்கம். அம்மாவும் அப்பாவும் இன்று வேலைக்குப் போகவில்லை. அம்மா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். முழங்கையால் ஸ்பீக்கரை அமத்தினாள்.

"அக்கா, நான்."

"ஐயோ. எங்கையடி நிக்கிறாய்?"

"அது வேண்டாம்."

"சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டன். நல்ல ஆக்கள். நீ அனுப்பினதைக் கண்ட உடனை வெளிக்கிட்டனான். அடுப்பில உலை கொதிச்சபடி. அவற்ற படத்தை மட்டும் எடுத்தனான்."

"நான் என்னத்தை அனுப்பினனான்?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹோர்ன்.

"செவ்வாய்க்கிழமை அக்கா. மாமா கனபேரோட வாறார் எண்டு. நான் வாசிச்ச உடனை அழிச்சனீ. அதாலதான் உண்மை எண்டு விளங்கினது."

"நான் ஒண்டும் அனுப்பேல்லையடி."

டக். சித்தி வைத்துவிட்டாள். தன் அக்காவின் குரலைக் கேட்டுப் பயந்து வைத்துவிட்டாள்.

அப்பா அம்மாவின் ஃபோனை வாங்கி மேலும் கீழும் தேடினார். செவ்வாய்க்கிழமையில் ஒன்றும் இல்லை. நான்தான் துடைத்து வைத்திருக்கிறேனே.

"ஒண்டும் இல்லை" என்றார். "சுத்தமா இருக்கு. எவ்வளவு சுத்தமாச் செய்திருக்கிறாங்கள் பார்."

அதைச் சொன்ன விதத்தில் ஒரு மரியாதைகூட இருந்தது. என் வேலையை முதன்முதலாக ஒருவர் பாராட்டுகிறார்.

அம்மாவின் தோட்டு ஊசியால் சிம்மை எடுத்தார். அவருடையதையும் எடுத்தார். என்னுடையதைக் கேட்டார், கொடுத்தேன். மூன்று ஃபோனும் பிஸ்கட் டின்னுக்குள். டின் கராஜில்.

"இனி அவளோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை. இந்த ஃபோனுக்குள்ள ஆரோ பூந்திட்டாங்கள். நாங்கள் கதைச்சா அவளுக்குத்தான் ஆபத்து."

"எப்ப வரைக்கும்?" என்றாள் அம்மா.

அப்பா தோட்டு ஊசியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அம்மா தலையாட்டினாள். அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் தங்கையோடு கதைத்தவள், ஒரு தலையாட்டலில் விட்டுவிட்டாள். பழகியவர்களைப் போல. ரொட்டி மா காய்ந்து தோல் பிடித்துவிட்டது.

அவளும் இனி வீட்டுக்குப் போகமாட்டாள். கொட்டகைக்கும் போகமாட்டாள். அக்காவின் பெயரில் யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தெரியாத வீட்டில் இருப்பாள்.

அந்த யாரோ இங்கே கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறாள்.


சனி, ஜூலை 12

சொல்லாததற்குக் காரணங்கள்:

1. அம்மா.
2. அப்பா.
3. "நீ இனி பகிடி விடவே கூடாது" என்பார்கள். விடாவிட்டால் நான் யார்?
4. சித்தி என்னை வெறுப்பாள்.
5. 4 தான் 1.

இன்று என்னில் கண்டுபிடித்தவை: தண்ணீர் குடிக்கும் கிளாஸைச் சத்தமில்லாமல் வைக்கிறேன். திரைச்சீலையை ஒரு விரலால் மட்டும் விலக்குகிறேன். "சித்தி" என்று வாய்க்குள்கூடச் சொல்லவில்லை, "அவ" என்கிறேன். எவரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாளில் வந்துவிட்டது, தடிமன் காய்ச்சல் தொற்றுவதுபோல.

பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அப்பா ஒரு விரலை உயர்த்தினார். அம்மா அடுப்பைக் குறைத்தாள். நான் சோபாவுக்குப் பின்னால் குந்தினேன். மூன்று பேரும் எங்கள் சொந்த வீட்டில் இல்லாதவர்களாக நடித்தோம். வந்தவர் ஒரு பெட்டியை வாசலில் போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டு போனார். அப்பாவின் புது வேலைச் சப்பாத்து.

எங்களுக்குப் பயம் காட்டுவதற்கு ஒருவரும் வரவில்லை. நான் மட்டும்தான்.

கோப்பிக் கடையில் அப்பா சொல்லும் பெயர்களை நினைத்தேன். சாம், மைக்கல். அது சேட்டை இல்லை.

ஒத்திகை: "அம்மா, ஒரு பகிடி சொல்லட்டோ?" வேண்டாம். "அப்பா, பூந்தது ஆர் எண்டு எனக்குத் தெரியும்." வேண்டவே வேண்டாம். "நான்தான்." இது சரி. இரண்டு அசை. குளியலறைக் கண்ணாடிக்கு எட்டு முறை சொன்னேன். கண்ணாடி நம்பவில்லை.


ஞாயிறு, ஜூலை 13

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு. அப்பாவின் வாயில் பாண் துண்டு. "செவ்வாய்க்கிழமை அனுப்பினது நான்தான்" என்றேன். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை.

அப்பா மென்று விழுங்கினார். பிறகு கேட்கத் தொடங்கினார்.

"எத்தினை மணிக்கு?"

"நாலு."

"எங்கை நிண்டு?"

"ஹோலில. மேசைக்குப் பக்கத்தில."

"அம்மாவின்ர பின் நம்பர் ஆர் தந்தது?"

"அது என்ர பிறந்தநாள்."

"ஆர் எழுதித் தந்தது?"

"நானே எழுதினனான்."

"மாமா எண்ட சொல்லு ஆர் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தான். நீங்கள் ரெண்டு பேரும்தான்."

கத்தவில்லை. ஒரே குரல், ஒரே அளவு. முடித்துவிட்டு மறுபடி தொடக்கத்தில் இருந்து கேட்டார், கேள்விகளை இடம் மாற்றி. எங்கை நிண்டனீ? ஆர் பக்கத்தில? எத்தினை மணி? நாலு என்று சொன்னதை மூன்றரை என்று திருப்பிச் சொல்லி நான் திருத்துகிறேனா என்று பார்த்தார். மூன்றாம் சுற்றில் நான் அழுதேன். நான் உண்மையைத்தான் சொல்கிறேன், ஆனால் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம்.

"காணும்" என்றாள் அம்மா. "பிள்ளையை அப்பிடிக் கேக்காதேங்கோ. அப்பிடிக் கேக்காதேங்கோ."

அப்பா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எழும்பிப் போய் பைப்பைத் திறந்து முகம் கழுவினார். நெடுநேரம் கழுவினார். இப்படிக் கேட்க எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அம்மா அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "உலை கொதிச்சபடி வெளிக்கிட்டவளடி" என்று மட்டும் சொன்னாள், இரண்டு தரம்.

கராஜ். டின். அப்பா சிம்மைத் தலைகீழாகப் போட்டார், அம்மா வாங்கிச் சரியாகப் போட்டாள். வெள்ளிக்கிழமை வந்த இலக்கத்துக்கு எடுத்தாள். அந்தப் பக்கம் ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி. மூன்றாவது தரம் எடுத்தார்கள். யாரோ ஒரு பெண். பிறகு சித்தி.

அம்மா ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கதைத்தாள். "நான்தானடி. ஓம். கேள். அது என்ர பிள்ளையின்ர வேலை. ஓம், பகிடிக்கு. ஐயோ, உண்மையாத்தான். ஒருத்தரும் வரேல்லை, ஒருத்தரும் வரமாட்டினம். இல்லையடி. நான் சுகமாத்தான் இருக்கிறன். ஏன் என்னை அப்பிடிக் கேக்கிறாய்? சரி. சரி. அவளிட்டைக் குடுக்கிறன்."

என் கையில் ஃபோன். சூடாக இருந்தது.

"சித்தி, நான் மிது. நான்தான் அனுப்பினனான், அம்மாவின்ர ஃபோனில. மாமா எண்டா உங்களுக்கு ஆரோ ஆள் கிடைச்சிட்டுது எண்டு நினைச்சிட்டன். பொம்பிளை பாக்க வருவினம் எண்டு. பகிடிக்கு. சொறி சித்தி. வீட்டை போங்கோ. ஒருத்தரும் வரேல்லை."

சிரிப்பாள் என்று நினைத்தேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் போதும் என்று நினைத்தேன்.

"பிள்ளை" என்றாள் சித்தி. மிக மெதுவாக, சுகமில்லாத குழந்தையோடு கதைப்பதுபோல. "நல்லாச் சொல்லிப்போட்டாய். வடிவாச் சொன்னனீ. இப்ப நான் கேக்கிறதுக்கு வாயால ஒண்டும் சொல்லாதை, என்ன. உனக்குப் பக்கத்தில நிண்டு ஆரும் இதைச் சொல்லச் சொல்லினமோ? ஓமெண்டால் சும்மா ஒருக்கா இருமு. நான் விளங்கிக்கொள்ளுவன்."

இடப்பக்கம் அம்மா. வலப்பக்கம் அப்பா, முகத்தில் இன்னும் தண்ணீர். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தொண்டை அரிக்கத் தொடங்கியது. மூச்சை அடக்கினேன். அந்தப் பக்கம் சித்தியும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.